நீலி தேர்ந்த காதல்: தென்திருவிதாங்கூர்க் கதைப்பாடலில் பிழையுடைத் தலைவியும் வாசிப்பின் அறமும்

தமிழ்க் கதைப்பாடல்களில் இடம்பெறும் மிகுபுனைவுத் தலைவியருள் நீலியைப் போன்று ஒருங்கே பழிக்கப்பட்டும் வணங்கப்பட்டும் வருபவள் பிறிதொருத்தி இலள் எனலாம். பொய்யாக அழுபவரை ‘நீலிக்கண்ணீர்’ வடிப்பவர் என்று சுட்டுவது இன்றளவும் தமிழ் வழக்கு. ஒரு கதைமாந்தர்மீது மொழியே தீர்ப்பு எழுதி அதனை மரபுத்தொடராக நிலைபெறச் செய்துவிட்டது. அவ்வாறிருக்க, நீலியோடு ஒருமைப்படுத்தியோ தொடர்புபடுத்தியோ கருதப்படும் இசக்கியம்மன்முன் பிள்ளை வரம் வேண்டித் தொட்டிலும் பிள்ளைப் பொம்மையும் படைக்கும் வழக்கமும் தென்கோடி ஊர்களில் தொடர்கிறது. பொய்யழுகைக்குப் பெயர் தந்தவளிடம் மெய்யாக அழுவது எவ்வாறு இயலும்? இம்முரணை நாட்டார் வழிபாட்டின் இயல்பு என்று கூறி அமைவது எளிது. ஆயின், இதனுள் ஓர் அறவினா உள்ளது. தவறான ஒருவனைக் காதலித்து, அவனால் கொலையுண்டு, பின் தானே வஞ்சமும் கொலையும் புரிந்த ஒரு தலைவியின் காதல் தேர்வுகளை வாசகர் எவ்வாறு பொருள்கொள்ளுதல் தகும் என்பதே அது. பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதியின் எல்லையோர ஊர்களைக் களமாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்வதற்குத் தக்க காரணம் உண்டு.

எல்லையும் கதையும்

1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு கோரிய நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. பாறசாலை அவ்வட்டத்தின் தென்னெல்லை. களியக்காவிளை தமிழகத்தின் தொடக்கம். இடையே இஞ்சிவிளையைக் கடப்பவர் கடைப்பலகைகளின் எழுத்து மாறுவதைக் காண்பரேயன்றிப் பேச்சு மாறுவதை உடனே உணரார். தமிழும் மலையாளமும் ஒரே தொடருக்குள் கலந்து வழங்கும் இந்நிலப்பகுதிக்குரியவையே ‘தெக்கன் பாட்டுகள்’ என மலையாள ஆய்வாளரும், ‘வில்லுப்பாட்டுக் கதைகள்’ எனத் தமிழ் ஆய்வாளரும் குறிக்கும் கதைப்பாடல்கள். இரவிக்குட்டிப்பிள்ளைப் போர், ஐவர் ராசாக்கள் கதை, நீலி கதை முதலியன எம்மொழிக்கு உரியவை என்ற வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. (அவ்வழக்கில் இரு தரப்பாரும் காட்டும் ஆர்வம் ஏடுகளைப் பாதுகாப்பதிலும் காட்டப்பட்டிருப்பின் பல வடிவங்கள் எஞ்சியிருக்கும்.)

பழைய திருவிதாங்கூரின் தலைநகர் 1795இல் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்திற்கு மாறியது. இரண்டையும் இணைத்த நெடுவழி இவ்வூர்களின் ஊடாகவே சென்றது. கொட்டாரத்தில் சங்குண்ணி 1909 முதல் வெளியிட்ட ‘ஐதிக்யமாலை’யில், கடமற்றத்துக் கத்தனார் என்னும் பாதிரியார் அடக்கும் யட்சி வழிமறிப்பது இந்த நெடுவழியில்தான். அங்கு அவள் பேரழகியாய் நின்று வழிப்போக்கரை மயக்கிக் கொல்பவள். இரும்பாணி அறைந்து அடக்கப்பட வேண்டியவள். அவள் யாரைக் காதலித்தாள், யாரால் இறந்தாள் என்ற கேள்விக்கு அங்கு இடமில்லை. வில்லுப்பாட்டு நீலிக்கோ முற்பிறப்பு உண்டு, காதலும் உண்டு. யட்சி என்ற சொல்லின் தமிழ் வடிவமே இயக்கி, இசக்கி என்பர். ஒரே சொல் வடக்கு நோக்கிச் செல்கையில் மயக்குபவளாகவும், தெற்கு நோக்கி வருகையில் பிள்ளையேந்திய தாயாகவும் அழுத்தம் பெறுகிறது. எல்லையோர ஊர்களில் இரண்டு அழுத்தங்களும் ஒருங்கே நிலவுவதால், நீலியை ஒற்றைப் பொருளில் அடக்குதல் அங்குள்ளோர்க்கு அரிதாகிறது.

பாலையில் முடிந்த உடன்போக்கு

கதைச்சுருக்கம் தமிழறிஞர் அறிந்ததே எனினும் வாதத்திற்கு வேண்டுமளவு கூறுதல் தகும். தாசி குலத்துப் பெண்ணொருத்தியிடம் வேதியன் ஒருவன் பொருளையெல்லாம் இழக்கிறான். கைப்பொருள் தீர்ந்ததும் தாய்க்கிழவி அவனை விரட்டுகிறாள். மகளோ அணிகலன்களோடு அவனைப் பின்தொடர்கிறாள். காட்டில் அவன் மடியில் தலைவைத்து உறங்குகிறாள். அவன் நகைக்கு ஆசைப்பட்டுக் கல்லைத் தலையிலிட்டுக் கொல்கிறான். அருகில் நின்ற கள்ளிச்செடியே சாட்சி. அவள் நீலியாய் மறுபிறப்பெடுக்கிறாள். அவன் செட்டி குலத்தில் பிறக்கிறான். காப்பாக மந்திர வாள் ஏந்தி வணிகத்திற்குச் செல்பவனை, கள்ளிக்கொப்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் ஏந்தி, மனைவி வடிவில் தொடர்கிறாள். பழையனூர் வேளாளர் எழுபதின்மர் வழக்கைக் கேட்டு, அவன் உயிருக்குத் தாம் பிணை என்று கூறி, வாளை வாங்கிவைத்துவிட்டு இருவரையும் ஓரறையில் தங்கவைக்கின்றனர். விடியலில் அவன் பிணமாகக் கிடக்கிறான். எழுபதின்மரும் சொல் காத்துத் தீப்புகுகின்றனர்.

இக்கதையின் தொன்மை தென்திருவிதாங்கூரைக் கடந்தது. திருஞானசம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகம் இந்நிகழ்ச்சியைச் சுட்டுவதாகக் கொள்வது மரபு. பழையனூர் தொண்டை நாட்டது. இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தது. ஆயின் வில்லுப்பாட்டு இக்கதையைத் தெற்கே கொணர்ந்து, நாகர்கோவிலை அடுத்த கள்ளியங்காட்டோடும் ஆரல்வாய்மொழிக்கு அருகிலுள்ள முப்பந்தலோடும் பிணைத்துவிட்டது.

இங்கு முதலில் நோக்கத்தக்கது, அப்பெண் பின்தொடர்ந்தமையே. வடிவங்கள் பலவாயினும் இச்செயல் பெரும்பாலும் மாறுவதில்லை. கணிகையர் மரபில் பொருள் தீர்ந்தவனை விடுத்தலே முறை. சித்திராபதி மாதவிக்கு உணர்த்த முயன்றதும் அம்முறையையே. மாதவி கோவலனின் பின் செல்லவில்லை. மடல் எழுதினாள், காத்திருந்தாள், துறந்தாள். நீலி கதையின் தாசியோ வாயிலைக் கடந்து இரவில் நடந்தாள். அகத்திணை மரபில் இச்செயலுக்கு உடன்போக்கு என்று பெயர். தாய் மறுக்க, தலைவி தலைவனோடு சுரம் செல்லுதல் கற்பின் தொடக்கமாகவே அங்குப் போற்றப்படும். பரத்தைக்கு உடன்போக்கு ஓதப்படவில்லை. ஆகவே இலக்கணம் தனக்கு வழங்காத ஒன்றை அவள் தன் காலடியால் எடுத்துக்கொண்டாள். கள்ளி பாலை நிலத்துக் கருப்பொருள். உடன்போக்கிற்குரிய அப்பாலையே கொலைக்களம் ஆனது. உடன்போக்குப் பாடல்களில் நற்றாயும் செவிலியும் அஞ்சுவது காட்டையும் விலங்கையும் ஆறலை கள்வரையுமே. இங்கு ஆறலை கள்வன் தலைவனே ஆயினான்.

இவ்விடத்தில்தான் முதலாம் வாசிப்புப் பிழை நேர்கிறது. முடிவை அறிந்த வாசகர், அம்முடிவைக்கொண்டு தேர்வை அளக்கின்றனர். அவனை நம்பியது அறியாமை, ஆதலின் அவள் பேதை என்பது பழைய தீர்ப்பு. அவள் ஆணாதிக்கச் சூழலின் பலி, ஆதலின் தேர்வென ஒன்றே அவளுக்கு இருந்ததில்லை என்பது புதிய தீர்ப்பு. இரண்டும் எதிரெதிர் நிலைகள்போல் தோன்றினும் ஒரு செயலில் ஒன்றுபடுகின்றன. அவள் விரும்பிச் சென்றாள் என்பதை இரண்டும் மறைக்கின்றன. பொருளற்றவனைத் தேர்ந்தமையால் அவள் இழக்கவிருந்தது குலத்தொழில், தாய், வீடு, பாதுகாப்பு அனைத்தும். அவற்றை அறிந்தே சென்றாள். அறியாதது அவன் உள்ளம் ஒன்றே. பிறர் உள்ளத்தை முற்ற அறிந்தபின்னரே காதலிக்க வேண்டும் என்பது அறமாயின், காதலித்தோர் எவரும் அவ்வறத்திற்கு உட்பட்டவராக மாட்டார். எனவே ஏமாற்றப்பட்டமை அவன் குற்றம். நம்பியமை அவள் செயல். செயலை அவளிடமிருந்து பறித்துவிட்டு இரக்கத்தை மட்டும் அளிக்கும் வாசிப்பு, நகையைப் பறித்தவனின் செயலினின்றும் பெரிதும் வேறானதன்று என்று கூறின் கடுமையாகத் தோன்றலாம், எனினும் கருதத்தக்கது.

நினைவுடையவளும் நினைவற்றவனும்

இரண்டாம் பிறப்பில் சிக்கல் வேறு உருக்கொள்கிறது. நீலிக்கு முற்பிறப்பு நினைவுண்டு. செட்டிக்கு இல்லை. அவனுக்குத் தரப்பட்டிருப்பது ஓர் எச்சரிக்கையும் ஒரு வாளுமே. தான் செய்ததாக நினைவில்லாத ஒன்றுக்கு அவன் பொறுப்பாவானா?

ஆங்கில மெய்யியலாளர் ஜான் லாக், மனித அறிவு குறித்த தம் நூலின் 1694ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்த்த இயல் ஒன்றில், ஓர் ஆளை அதே ஆளாக ஆக்குவது உடம்பன்று, நனவின் தொடர்ச்சியே என்று வாதிட்டார். குற்றமும் தண்டனையும் அத்தொடர்ச்சியைப் பற்றியே நிற்பன என்பது அவர் கருத்து. அவர் வழி நோக்கின் செட்டி குற்றமற்றவன். அவன் வேறோர் ஆள். நீலி கொன்றது ஓர் அயலானை. சமண பௌத்த வினைக்கோட்பாட்டின் வழி நோக்கினோ, நினைவின்மை வினையின் பயனைத் தடுக்காது. கோவலன் கொலையுண்டதற்கும் முற்பிறப்பு வினையே காரணமாகக் கூறப்பட்டது. அவ்வினையும் அவன் நினைவில் இல்லை. ஆயின் சிலப்பதிகாரத்தில் ஊழ் தானே வந்து ஊட்டுகிறது. நீலி கதையில் வினையின் பயனை ஊட்டும் பொறுப்பை வினையால் பாதிக்கப்பட்டவளே ஏற்கிறாள். வினை தானாக உருத்து வரும் என்ற நம்பிக்கை அவளுக்கு இல்லை, அல்லது அதுவரை காத்திருக்க மனமில்லை.

ஆகவே அவளது இரண்டாம் தேர்வும் ஒருவகையில் காதல் தேர்வே. உலகில் வேறு எவரும் அறியாத ஒரு பழைய உறவை அவள் ஒருத்தியே நினைவில் சுமக்கிறாள். அந்நினைவைப் புதிய ஒருவன்மீது ஏற்றி, ‘இவனே அவன்’ என்று முடிவுகொள்கிறாள். கதை அவள் கூற்றை உண்மையென ஏற்கிறது. மிகுபுனைவின் உரிமை அது. கதைக்கு வெளியே நிற்கும் வாசகர்க்கு அவ்வுறுதி கிடையாது. முன்னொருவன் செய்த வஞ்சத்தைப் பின்னொருவன் முகத்தில் காண்பது மாந்தர் வாழ்வில் மறுபிறப்பின்றியே நிகழ்வது.

அவையில் உரைத்த பொய்

கதையின் மிகக் கூர்மையான பகுதி பழையனூர் அவைதான். செட்டி, ‘இவள் பேய்’ என்கிறான், அது உண்மை. நீலி, ‘இவர் என் கணவர்’ என்கிறாள், அது பொய். அவை பொய்யை நம்பி உண்மையைத் தள்ளுகிறது. ஆயின் அப்பொய்யின் உள்ளீடு என்ன? தன்னைத் தாலி கட்டாமல் உடனழைத்துச் சென்றவனை அவள் கணவனென அழைக்கிறாள். பிறவாத பிள்ளையை, தன் சாவுக்குச் சாட்சி நின்ற அதே கள்ளியிலிருந்து உருவாக்கித் தந்தையிடம் தாவச் செய்கிறாள். உடன்போக்கு இயல்பாக முடிந்திருந்தால் எது நிகழ்ந்திருக்குமோ அதனையே அவள் அவைமுன் நடித்துக் காட்டுகிறாள். வாளை அகற்றுவதற்கு மனைவி வேடம் வேண்டியிருந்தது என்பது கதைப்பின்னலின் தேவை. அத்தேவைக்கு இவ்வளவு துல்லியமான ஆசை வேண்டியதில்லை. நீலிக்கண்ணீர் முழுதும் பொய்யென்று கொண்ட மொழிவழக்கு இவ்விடத்தை ஊன்றி நோக்கவில்லை.

கண்ணகி பாண்டியன் அவையில் சிலம்பை உடைத்து மெய் நிறுவினாள். நீலி கள்ளியைப் பிள்ளையாக்கிப் பொய் நிறுவினாள். முன்னவளுக்குக் கணவன்பால் வழக்கில்லை, அரசன்பாலே வழக்கு. பின்னவளின் வழக்கு கணவனென அவள் அழைத்தவன்பாலேயே. அவ்வழக்கை உள்ளவாறு எடுத்துரைத்தால் கேட்க ஓர் அவை இல்லை. கொலையுண்ட தாசியின் முற்பிறப்பு முறையீட்டை ஏற்கும் நீதிமன்றம் எந்நாட்டிலும் இருந்ததில்லை. மனைவி என்ற வடிவில் வந்தால் மட்டுமே ஊர் செவிசாய்க்கும் என்பதை அவள் அறிந்திருந்தாள். புண்பட்டுக் கிடக்கும் கணவனைப் பேய் தீண்டாவண்ணம் மனைவி காத்தலைத் தொல்காப்பியப் புறத்திணையியல் தொடாஅக்காஞ்சி என்னும். அத்துறையில் மனைவியும் பேயும் எதிரெதிர் நிற்பர். நீலியில் இருவரும் ஒருத்தியே. பேயைத் தடுக்க மனைவியை உள்ளே விட்ட எழுபதின்மர் அறியாமல் போனது இதனையே.

எழுபதின்மரை விடுத்து நீலிக்கு வழக்காடுதல் எளிது. அவளுக்காகப் பரிந்து எழுதப்படும் வாசிப்புகள் அவர்களைத் தொகையாகவே கடந்துவிடுகின்றன. அவர்கள் அவளுக்குத் தீங்கிழைத்தவர் அல்லர். ஒரு பெண்ணின் சொல்லையும் ஒரு பிள்ளையின் தாவலையும் நம்பினர். நம்பியதற்கு உயிர் தந்தனர். காட்டில் அவள் ஒருவனை நம்பி இறந்தாள். ஊரில் எழுபதின்மர் அவளை நம்பி இறந்தனர். நம்பிக்கையால் கொலையுண்டவள் நம்பிக்கையையே கருவியாக்கினாள். அவள் பட்ட துயர் அவள் செயலை விளக்கும். அத்துயரால் அவர்தம் சாவு சிறிதும் குறையாது. யூரிப்பிடிசின் மீடியாவும் காதலுக்காகத் தந்தை நாட்டைத் துறந்து, கைவிடப்பட்டபின் குற்றமற்ற மக்களைக் கொன்றவள். கிரேக்கர் அவளை அரங்கில் கண்டனர். நீலி அரங்கில் மட்டுமன்றிப் பீடத்திலும் அமர்ந்திருக்கிறாள். அப்பீடத்தை மன்னிப்பு என்று பொருள்கொள்ளல் பொருந்தாது. ‘நீலிக்கண்ணீர்’ என்னும் பழிச்சொல்லை ஊர் திரும்பப் பெறவில்லை. தன் அவை வழங்கத் தவறிய நீதியையும், தான் கொடுத்த பலியையும் ஒருசேர நினைவுகூரும் இடமாகவே அது விளங்குகிறது என்று கருத இடமுண்டு.

சமண மரபு வேறு வழி கண்டது. நீலகேசிக் காப்பியத்தில், முனிவரின் தவத்தைக் குலைக்க அழகிய பெண் வடிவெடுத்து வரும் பழையனூர் நீலி, அவரால் தெளிவு பெற்று அறம் உரைப்பவளாகிறாள். பின்னர்ப் பிற சமயத்தாரோடு வாதிடுகிறாள். அக்காப்பியம் எதிர்நிறுத்திய குண்டலகேசியின் தலைவியும் கொலைக்களம் செல்லும் கள்வனைக் கண்டு காதலித்து, அவன் தன்னை மலையுச்சியில் கொல்ல முற்பட்டபோது அவனையே தள்ளிக் கொன்றவள். இரு காப்பியங்களும் பிழைபட்ட காதலுக்குப்பின் பெண்ணுக்கு வாதத்தை அளித்தன. இது பெரும் பேறே. ஆயினும் அத்தலைவியர் தம் காதலைப் பற்றி வாதிடவில்லை. ஆன்மாவும் அநித்தியமும் பற்றி வாதிட்டனர்.

திருத்தி எழுதப்பட்ட நீலி

நெய்யாற்றின்கரைக் கோயில் வளாகத்தில், பகைவர்க்கு அஞ்சிய மார்த்தாண்டவர்மர் ஒளிந்ததாகக் கூறப்படும் அம்மச்சிப்பிலாவு என்னும் பலாமரத்தின் எச்சம் பேணப்படுகிறது. அம்மன்னர் பெயரால் சி.வி. இராமன்பிள்ளை 1891இல் வெளியிட்ட புதினத்தில் பஞ்சவன்காட்டு யட்சியின் கதை இடம்பெறுகிறது. அதே புதினத்தின் சுபத்திரை, பிறர் சூழ்ச்சியால் கணவனின் ஐயத்துக்கு ஆளாகிக் கைவிடப்பட்டவள். இறுதியில் தாய்மாமனாலேயே கொல்லப்படுகிறாள். நீலியின் துயர் முழுவதும் சுபத்திரைக்கு உண்டு. நீலியின் குற்றம் ஒன்றும் அவளுக்கு இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் புதினம், இரங்கத்தக்க பெண்ணைக் குற்றமற்றவளாக்கிய பின்னரே வாசகரிடம் ஒப்படைத்தது எனலாம்.

2025இல் வெளிவந்த ‘லோகா’ மலையாளத் திரைப்படம் இப்போக்கின் அண்மை வடிவம். டொமினிக் அருண் இயக்கிய அப்படத்தில் கள்ளியங்காட்டு நீலி சந்திரா என்ற பெயரில் இன்றைய பெங்களூரில் வாழ்கிறாள். மிகுபுனைவின் எல்லாக் கருவிகளும் அவளுக்குக் கிடைக்கின்றன. பெரும் வரவேற்பும் கிடைத்தது. படம் அவளது தொடக்கக் கதையை மாற்றியுள்ளது. காதலனின் வஞ்சம் அங்கு இல்லை. கோயிலுக்குள் நுழைந்த தன் மக்கள்மீது அரசன் இழைத்த கொடுமையே அவளை நீலியாக்குகிறது. சாதிக்கொடுமையை முன்னிறுத்தும் இம்மாற்றத்திற்கு வரலாற்று நியாயம் உண்டு. இம்மண்ணில் கோயில் நுழைவு 1936ஆம் ஆண்டு அரசப் பிரகடனம் வரை மறுக்கப்பட்டிருந்தது. ஆயின் அதனால் இழந்தது யாதென நோக்கவேண்டும். காதலித்துப் பிழைத்தவள் மறைந்து, அநீதியை எதிர்ப்பவள் மட்டும் எஞ்சுகிறாள். எழுபதின்மரும் மறைகின்றனர். அவள் கையால் இறப்போரெல்லாம் இறக்கத்தக்கவராகவே அமைகின்றனர். எனவே பார்வையாளர் அவளை விரும்புவதற்கு எவ்விலையும் தரவேண்டியதில்லை.

வில்லுப்பாட்டின் அமைப்பு அவ்விலையைக் கேட்கிறது. பாடகர் வலம், இடம் என இரு பிரிவாய் அமர்வர். ஒரு பக்கம் வினவ, மறுபக்கம் விடையிறுக்கும். ஒருவர் உரைத்ததை மற்றவர் மறுத்தலும் உண்டு. உடுக்கையும் குடமும் முழங்க, நீலி கள்ளிக்கொப்பை ஒடிக்கும் கட்டம் வரும்போது, அவளுக்காக இரங்கவும் அவளுக்காக அஞ்சவும் செட்டிக்காக அஞ்சவும் கேட்போர் ஒரே நேரத்தில் வேண்டப்படுகின்றனர். கொடை நடக்கும் பீடத்தில் அமர்ந்து கேட்பவளும் நீலியே ஆதலின், எப்பக்கத்தாரும் அவளை மறைத்துப் பேச இயலாது. அவளைக் கொண்டாட வந்தவரும் எழுபது பேர் தீப்புகும் பகுதியைப் பாடி முடித்த பின்னரே எழுகின்றனர்.